கறுப்பு அவளுக்கு, நீலம் எனக்கு

இரண்டு விரலால் தட்டாதீர்கள். அப்படித் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு போய்விடும். மூன்று விரலால் தட்டினால் திரும்பி வரும் என்றாலும், பழக்கமில்லாதவர்களை அது குழப்பும். இந்த டேப்லெட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள், படங்கள் ஒவ்வொன்றாக வரும். மூலையில் தெரியும் கீறல் படத்தைச் சேர்ந்தது இல்லை. என் மனைவியின் மோதிரம் பட்டுக் கண்ணாடியில் விழுந்தது.

நீங்கள் இன்னும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அதுவும் நல்லதுதான். கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன், உங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். வெளியே போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் கொழுந்தியாள் என் மனைவியின் காலைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அக்காவின் உடம்பைத் துடைத்து உடை மாற்றும்போது பார்த்திருக்கிறாள். ஒரு கால் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு இருந்தது என்று அவள் சொல்லியிருந்தால் அது கொஞ்சம் மிகை. ஒன்றரை மடங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்தே அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள்.

என் தொழில் படம் திருத்துவது. ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த படங்களை எனக்கு அனுப்புவார்கள். நான் வீட்டு முன்னறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மருவை எடுப்பேன், வழுக்கையை மறைப்பேன், மூடிய கண்ணைத் திறப்பேன். ஒருமுறை ஒரு மாமியார் குடும்பப் படத்திலிருந்து மருமகனை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். மகளின் தோள்மேல் அவன் கை மட்டும் மிஞ்சி நின்றது, அதையும் எடுத்து அந்த இடத்தில் துணியை இழுத்து நிரப்பினேன். கொஞ்ச நாளில் எல்லாரும் சமாதானமாகி, மருமகனைத் திரும்ப வைத்துத் தரச் சொல்லி அதே மாமியார் வந்து நின்றார். எனக்குச் சிரமமே இல்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல ஒரு படத்துக்குள் பல அடுக்குகள் இருக்கும். வேண்டாததைத் தனி அடுக்குக்குத் தள்ளி, அந்த அடுக்கை மறைத்து வைப்பது என் பழக்கம். மருமகன் அத்தனை நாளும் படத்துக்குள்ளேயேதான் இருந்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த டேப்பில் நீங்கள் தேடுவது எல்லாமே இருக்கிறது. நான் எதையும் அழித்துவிடவில்லை.

என் மனைவிக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. கொழுந்தியாளைக் கேட்டால் அவளும் அதைத்தான் சொல்வாள், இன்றைக்குச் சொல்வாளோ தெரியாது. என் மனைவி மெதுவாகப் பேசுகிறவள். வார்த்தையைத் தேடுவாள், நான் எடுத்துக் கொடுப்பேன். கடையில், வங்கியில், அவள் பிறந்த வீட்டாரிடம்கூட, அவளைக் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுவேன், அவளுக்கு அந்தச் சிரமம் மிச்சம். பிள்ளைகள் இல்லாத வீடு. நாள் முழுக்க நான் முன்னறையிலும் அவள் உள்ளேயுமாக இருப்போம், ஒருவரை ஒருவர் பார்க்காத ஒரு நாள்கூட எங்களுக்கு இருந்ததில்லை.

அவள் விழுவதற்கு முந்தின வாரம், ஒரு காலை, அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் குட்டிகிட்ட போயிடலாம்னு இருக்கேங்க," என்றாள். குட்டி என்பது அவள் தங்கை, வெளியே இருக்கும் என் கொழுந்தியாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள், இன்னும் வீட்டில் அதுதான் பெயர்.

"போய் ஒரு வாரம் இருந்துட்டு வாயேன். டிக்கெட் போட்டுடவா?"

"ஒரு வாரத்துக்கு இல்ல. ஒரேயடியா போயிடுறேன்னு சொல்றேன்."

"என்மேல என்ன கோபம் உனக்கு?"

"கோபம்லாம் இல்ல. நான் ஒரு பேச்சை ஆரம்பிச்சா நீங்க முடிச்சிடுறீங்க. அப்புறம் நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே மறந்துபோயிடுது. இனிமேலாவது என் பேச்சை நானே முடிக்கணும்போல இருக்கு."

"குட்டிக்குத் தெரியுமா?"

"அவகிட்ட இன்னும் சொல்லல. மொதல்ல உங்ககிட்ட சொல்றதுதானே மரியாதை."

அதற்கு முன் நான் அப்படிப் பயந்ததே இல்லை. அன்றைக்கு வேலை ஓடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன், மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டாள். தங்கையிடம் சொல்வதை ஒரு வாரமாவது தள்ளிப்போடச் சொன்னேன். சரி என்றாள், அவள் சுபாவம் அப்படி. அந்த ஒரு வாரத்துக்குள்தான் குளியலறை வாசலில் விழுந்தாள்.

பக்கவாதம். வலது கையும் வலது காலும் செத்துப்போயின. பேச்சும் போயிற்று, எழுத்தும் போயிற்று. தன் பெயரை எழுதிக் காட்டினாலும் ஏதோ கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஆனால் நாம் சொல்வது புரியும். வாயில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை.

"வலிக்குதாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஆமா."

"வலி இல்லையே?"

"ஆமா."

தப்பான பதில் வாயிலிருந்து வருவது அவளுக்கே கேட்கும். கண்ணில் தண்ணீர் நிற்கும். மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே, "சார், இனிமே நீங்கதான் இவங்களுக்குப் பேச்சு," என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கப்படவேண்டிய விஷயம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அவள் போகப்போகிறாள் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், அதில் ஒருவரால் இனி அதைச் சொல்ல முடியாது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் என்னை மட்டும் தனியாக அழைத்து, படுத்தே இருப்பவர்களுக்குக் காலில் ரத்தம் கட்டும் என்று விளக்கினார். "கால் வீங்கினாலோ, சூடா இருந்தாலோ, வலின்னு காட்டினாலோ, ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே தூக்கிட்டு வந்துடுங்க. தேய்க்காதீங்க, நடக்க வைக்காதீங்க. கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." நான் தலையாட்டினேன். நன்றாகவே புரிந்தது.

அதற்குப் பிறகு அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினேன். குளிக்க வைத்தேன், ஊட்டினேன், தலை வாரினேன். பார்த்தவர்கள் எல்லாரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள், சின்ன வயது, வாய் ஓயாது. அவள்தான் இந்த டேப்பைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இந்த வரையும் செயலியைப் போட்டுக் கொடுத்தாள்.

"சார், இதுதான் இனிமே அக்காவோட வாய்," என்றாள். "இதுக்குள்ள நீங்க கை வைக்கக் கூடாது. அக்கா ஒரு அடுக்குல கறுப்புல வரைவாங்க. உங்களுக்கு என்ன புரிஞ்சுதோ அதை மேல இன்னொரு அடுக்குல நீலத்துல எழுதுங்க. எழுதினதைச் சத்தமா படிச்சுக் காட்டுங்க. தப்புன்னா அக்கா அதுமேல ஒரு இழுப்பு இழுத்து அடிச்சிடுவாங்க. சரின்னா விட்டுடுவாங்க. வாரம் ஒரு தடவை அப்படியே எனக்கு அனுப்புங்க. கறுப்பு அவங்களுக்கு, நீலம் உங்களுக்கு. இந்த ஒரு விதியை மட்டும் மீறாதீங்க."

முதல் படங்கள் அவைதான், நீங்கள் இப்போது பார்ப்பவை. இடது கை ஆள்காட்டி விரலால் வரைந்தாள். இது தம்ளர். இது மின்விசிறி, வேகத்தைக் குறைக்கச் சொல்கிறாள். இரண்டு வட்டம், நடுவில் ஒரு கோடு, அது என் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி என்றால் நான். முதல்முறை அதை வரைந்தபோது "ஏங்க" என்று கூப்பிட்டதுபோல இருந்தது.

முதலில் நான் கை வைத்தது வட்டத்தில்தான். அவளுடைய வட்டங்கள் நசுங்கி, ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். இந்தச் செயலியில் கோட்டை முடித்தபின் விரலை எடுக்காமல் வைத்திருந்தால், நெளிந்த கோடு நேராகும், நசுங்கிய வட்டம் முழு வட்டமாகும். அவள் தூங்கியபின் அவள் வட்டங்களின்மேல் நான் புதிதாக வரைந்து சரிசெய்தேன். அடுத்த வாரம் பயிற்சிப் பெண், "அக்கா கை நல்லா தேறியிருக்கே," என்று போனில் குரல் பதிவு அனுப்பினாள். அதை என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். அவள் பாதி முகத்தால் சிரித்தாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம், நீங்களே சொல்லுங்கள்.

பிறகு குட்டி ஒரு யோசனையோடு போன் செய்தாள். அவள் ஊரில் பக்கவாதம் வந்தவர்களைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் இல்லம் ஒன்று இருக்கிறதாம். ஒரு வருஷம் இருந்தால் நடை வரும், கொஞ்சம் பேச்சும் வரலாம் என்கிறார்களாம்.

"அத்தான், நீங்க தனியா எவ்வளவு நாள்தான் மாடு மாதிரி உழைப்பீங்க? அக்காவை நான் பாத்துக்கிறேன். நீங்க மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்க."

"அக்காவுக்குப் பிடிக்கணுமே," என்றேன்.

"அதைத்தான் பயிற்சி மேடமும் சொன்னாங்க. அக்கா என்ன வரையுதோ அதுதான் முடிவுன்னாங்க. நீங்க கேட்டு அனுப்புங்க."

ஆக, என் வாழ்க்கை அவள் விரல் நுனியில் வந்து நின்றது. கேட்காமல் விட முடியாது, குட்டி தினமும் விசாரிப்பாள். கேட்டேன். உடனே வரைந்தாள், அவ்வளவு வேகமாக அவள் வரைந்து நான் பார்த்ததில்லை. அந்தப் படத்தில் நிறுத்துங்கள். பெட்டி பெட்டியாக இருப்பது ரயில். மூன்று ஜன்னல் வைத்தது குட்டியின் வீடு. அருகருகே இரண்டு பெண்கள். தாளின் கீழ் மூலையில், எல்லாரையும் விட்டுத் தள்ளி, சின்னதாக ஒரு கண்ணாடி.

"ரயிலேறி குட்டி வீட்டுக்குப் போகணும், அதானே?" என்று சத்தமாகப் படித்தேன். அவள் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு நன்றி சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவளிடம் படித்தது அது. நான் எழுதியது வேறு, அவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. நீலத்தில் இருப்பதைப் பாருங்கள்: "குட்டி, நீ ரயிலேறி இங்கே வா. இவரை விட்டு என்னால் எங்கும் வர முடியாது." எழுதியபின் படம் அதற்குப் பொருந்தவில்லை, அதனால் அவள் வரைந்ததை அப்படியே வைத்துவிட்டு, அதன் நகலில் படத்தையும் கொஞ்சம் மாற்றவேண்டி வந்தது. சுருக்குப் போட்டு இழுப்பதுபோல ஒரு கருவி இருக்கிறது. எதைச் சுற்றிக் கோடு போடுகிறீர்களோ அதை மட்டும் பிடித்து நகர்த்தலாம். மூலையில் கிடந்த கண்ணாடியைப் பிடித்துப் பெரிதாக்கி, அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். குட்டியை ரயிலுக்குள் ஏற்றினேன். அவள் வரைந்த கோடுகளேதான் எல்லாம், நான் சொந்தமாக ஒன்றும் சேர்க்கவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டுக் குட்டி வீடியோவில் வந்தாள். அழுதாள். "சரிக்கா, உன்னை எங்கயும் அனுப்பல. அத்தானை விட்டு நீ வரவேணாம். நானே வந்து பாக்குறேன்," என்றாள். என் மனைவி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைப் பலமாக ஆட்டி மறுத்தாள். வாயிலிருந்து வந்தது "ஆமா, ஆமா, ஆமா" என்பதுதான். குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதன்பிறகு என் மனைவி வேறு எதையும் வரையவில்லை. ரயில், ரயில், ரயில். தம்ளர் வேண்டியபோதுகூட ரயில். தான் சரியாக வரையவில்லை, அதனால்தான் தங்கைக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னலை இன்னும் பெரிதாக வைத்தாள், சக்கரத்தை எண்ணி எண்ணிப் போட்டாள். வியர்த்துப்போய் மூச்சு வாங்க, ஒரு படத்துக்கு ஒரு முழுப் பகலையும் எடுத்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துவிடுவேன். முடித்ததும் நான் அவளுக்குச் சரியாகப் படித்துக் காட்டுவேன், வேறாக எழுதுவேன். இரண்டு பேருமே களைத்துப்போனோம். எனக்குத் தூக்கம் போயிற்று. பகலில் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும் என்ற பயத்திலேயே ஓட்டினேன்.

குட்டிக்கு விடுமுறை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். குட்டி நேரில் வந்தபின் அவள் எதிரில் என் மனைவி ஒரு ரயிலை வரைந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். டேப் உடைந்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். காகிதமும் பென்சிலும் எந்த வீட்டிலும் இருக்கும். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். குட்டி வரும்போது அவள் அக்கா நடந்து வந்து கதவைத் திறந்தால், இல்லம் எதற்கு என்ற கேள்வியே வராது. என் கவனிப்பிலேயே தேறிவிட்டாள் என்று ஊரும் சொல்லும். அதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே வழி.

அந்த வாரம்தான் என் மனைவி தன் காலை வரைய ஆரம்பித்தாள்.

அந்தப் படம் சிவப்பாக இருக்கும், அடுத்ததும் சிவப்பு, அதற்கடுத்ததும். நிறம் ஊற்றும் கருவியைப் பயிற்சிப் பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள். கோட்டுக்குள் தொட்டால் அந்த இடம் மட்டும் நிரம்பும். கோட்டில் மயிரிழை இடைவெளி விட்டிருந்தாலும் அந்த இடுக்கு வழியாக நிறம் ஒழுகித் தாள் முழுக்கப் பரவிவிடும். அவள் கோடு எங்கே சேர்ந்தது? ஒரு கால் வரைந்தாள், தொடைக்கு மேலே மூடவில்லை, சிவப்பை ஊற்றினாள், திரை முழுக்கச் சிவப்பாயிற்று.

"நிறம் சிந்திடுச்சு," என்று சொல்லி இரண்டு விரலால் தட்டி அதை எடுத்துவிட்டேன். மறுபடி ஊற்றினாள். மறுபடி எடுத்தேன். மறுபடி ஊற்றினாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் வலது கெண்டைக்கால்மேல் வைத்தாள்.

சூடாக இருந்தது. விரலால் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. மருத்துவர் சொன்ன மூன்றும் இருந்தன.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்காமல் இல்லை. செருப்பைக்கூட மாட்டினேன். பிறகு யோசித்தேன். அங்கே சேர்த்தால் குட்டி அன்றைக்கே வந்துவிடுவாள், வார்டில் நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். குணமானதும் அங்கிருந்தே இல்லத்துக்குக் கூட்டிப்போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். செருப்பைக் கழற்றி வைத்தேன்.

வாராந்தரப் படத்தைப் பயிற்சிப் பெண்ணுக்கு அனுப்பவேண்டியிருந்தது. சிவப்பு அடுக்கை மறைத்தேன். கால் மட்டும் நின்றது, அதைச் சுருக்குப் போட்டுப் பிடித்துச் சற்றுச் சாய்த்தேன், அடி எடுத்து வைப்பதுபோல ஆயிற்று. நீலத்தில் எழுதினேன்: "எனக்கு நடக்க ஆசையாக இருக்கிறது. குட்டி வரும்போது நான்தான் கதவைத் திறப்பேன்."

உடனே குரல் வந்தது. "சார், எனக்கு அழுகையே வந்துடுச்சு. அக்காவே கேக்குறாங்கன்னா தள்ளிப்போடாதீங்க. பிடிச்சிக்கிட்டு வீட்டுக்குள்ளயே நாலு அடி நடக்க வைங்க." அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் பார்த்த படத்துக்கு அவள் சொன்னது சரி. அவளை இங்கே கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் நடக்க வைக்கலாம் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் டேப்பை இழுத்து வைத்துக்கொண்டாள். கால் வரைந்தாள், சிவப்பை ஊற்றினாள். "பயிற்சி மேடமே நடக்கச் சொல்லிட்டாங்கம்மா," என்று அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். தான் வரைந்தது ஒன்று, அவர்களுக்குப் போய்ச் சேர்வது வேறொன்று என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டிருக்கவேண்டும். புதுத் தாளைத் திறந்து வேகமாக வரையப் போனாள். அவள் விரலைக் கையால் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் அவள்மேல் ஒருநாளும் கை ஓங்கியவன் இல்லை, அப்போதும் தோன்றவில்லை. தலையணையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, பேனாவின் நிறத்தை வெள்ளையாக மாற்றினேன்.

வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு. அவள் வரைந்தாள், திரையில் ஒன்றும் வரவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தாள். உடையில் துடைத்துக்கொண்டு மறுபடி வரைந்தாள். நகத்தால் தட்டினாள். உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள். பக்கவாதத்தில் உடம்பின் ஒரு பக்கம் போனபோது நான் பார்த்த அதே முகம் அவளுக்கு வந்தது, இந்தக் கையும் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. ஒன்றுமே தெரியாத தாளில் ரொம்ப நேரம் வரைந்துகொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கை களைச்சுப்போச்சும்மா. நாளைக்கு வரையலாம்," என்றேன்.

"ஆமா," என்றாள், மெதுவாக.

அதற்குப் பிறகு அவள் எதிர்க்கவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன், தூக்கிய இடத்தில் நின்றாள். முன்னறை வரைக்கும் போய்த் திரும்பினோம். கால் மரத்துப்போயிருக்கிறது என்று உட்காரவைத்து எண்ணெய் போட்டு நன்றாக நீவிவிட்டேன். மறுபடி நடந்தோம். கதவின் தாழ்ப்பாள்மேல் அவள் கையை எடுத்து வைத்து, இப்படித்தான் திறக்கவேண்டும் என்று காட்டினேன். அங்கேதான் அவளுக்கு மூச்சு முட்டியது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இருமினாள், உதடு நீலம் பாய்ந்தது, என்மேலேயே சரிந்தாள்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அதற்கு முன் அவளைத் தரையில் படுக்க வைத்துவிட்டு உள்ளே போய்ப் பேனாவின் நிறத்தைத் திரும்பக் கறுப்பாக்கினேன். யாராவது எடுத்துப் பார்த்தால் குழம்பக் கூடாது அல்லவா. அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. திரும்பி வந்தபோதும் அவளுக்கு உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் மாடி ஏறி வந்தபோது இல்லை.

உங்களுக்குக் கோப்பில் போட நேராக ஒரு வாக்கியம் வேண்டும், அதனால் சொல்கிறேன். காலில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நடக்க வைத்தால் செத்துப்போகலாம் என்றும் தெரியும். அவள் வலிக்கிறது என்று சொன்னாள், போகவேண்டும் என்று சொன்னாள், இரண்டையும் நான் மறைத்தேன். அவளைக் கொன்றது நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. குட்டியிடமும் இதை இப்படியே சொல்லிவிடுங்கள், நீங்களாக எதையும் குறைக்கவேண்டாம்.

கடைசிப் படம் மட்டும் பாக்கி. ஆமாம், கீழே நீலத்தில் ஒரு வரி தவிர வெறும் தாளாகத்தான் தெரியும். மேலே வலப்பக்கம் தொட்டால் தாளின் நிறத்தை மாற்றலாம், கறுப்பாக்குங்கள். அவளைக் கொண்டுபோனபின் ஆளில்லாத வீட்டில் நானும் இதைத்தான் செய்தேன். பாருங்கள், அன்று மதியம் அவள் வரைந்தது மொத்தமும் வந்துவிட்டது. எங்கே வரைகிறோம் என்று தெரியாமல் வரைந்ததால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, நூல் சிக்கலானதுபோல. கால் என்பீர்கள், ரயில் என்பீர்கள், கதவு என்பீர்கள். அவளோடு அத்தனை வருஷம் இருந்தவனுக்குத்தான் இதைப் படிக்கத் தெரியும். நடுவில் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன, உற்றுப் பார்த்தால் தெரியும். அது என் கண்ணாடி.

இந்தப் படத்தில் நான் ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை. கீழே நீலத்தில் எழுத மட்டும் செய்தேன்: "நான் உங்களை விட்டுப் போகமாட்டேன்." காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் அடிக்கவில்லை.